கை மரத்துப் போனா முதல்ல சுண்டு விரலைக் கேளுங்க

எங்க சித்திக்கு ராத்திரி ரெண்டு ரெண்டரை ஆனா தானா முழிப்பு தட்டிரும். வலது கை மதமதன்னு மரத்துப்போய், மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் ஒரு குடைச்சல், எந்திரிச்சு உட்கார்ந்து தெர்மாமீட்டரை உதறுற மாதிரி கையை நாலஞ்சு தடவை உதறுவாங்க, கொஞ்ச நேரம் கட்டிலுக்கு வெளிய தொங்க விடுவாங்க, சரியாகும், படுப்பாங்க, நாலு மணிக்கு திரும்ப அதே கதை. திண்டுக்கல் பக்கம் வீட்டுலயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைச்சுக் குடுக்கிறவங்க. ஒன்றரை வருஷம் இப்படியே ஓடுச்சு. அதுக்குள்ள கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லி கழுத்துப் பட்டை மாட்டியாச்சு, நரம்பு சத்து ஊசி ஒரு பத்து பன்னெண்டு போட்டாச்சு, வாயுவா இருக்கும்னு பூண்டு பால் வேற. கடைசியில ஒரு சின்ன வயசு டாக்டர் தான் கேட்டார், "ஏம்மா, சுண்டு விரலும் சேர்ந்து மரக்குதா, இல்ல மத்த விரல் மட்டுமா?" சித்தி விரலை ஒண்ணொண்ணா தடவிப் பாத்துட்டு, "சுண்டு விரல் நல்லாத்தான் சார் இருக்கு"ன்னாங்க. "ராத்திரி எந்திரிச்சு கையை உதறுவீங்களா?" இதைக் கேட்டதும் சித்தி என்னைத் திரும்பிப் பாத்தாங்க, நீ ஏதும் சொன்னியாடான்னு கேக்குற மாதிரி.

அந்த ரெண்டு கேள்வியிலயே முக்கால்வாசி நோய் புடிபட்டுருச்சு. கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். பேர் பெருசா இருக்கு, சமாச்சாரம் மணிக்கட்டுல ஒரு சின்ன சந்துல நடக்குற நெரிசல், அவ்வளவு தான்.

உள்ளங்கையை மேல பாத்த மாதிரி வச்சு மணிக்கட்டை பாருங்க. அங்க எட்டு சின்ன எலும்புங்க சேர்ந்து ஒரு கிண்ணம் மாதிரி வளைஞ்சு உட்கார்ந்திருக்கு, அந்த கிண்ணத்துக்கு மேல ஒரு கெட்டியான பட்டையான தசைநார் மூடி போட்ட மாதிரி இழுத்துக் கட்டியிருக்கு. நடுவுல இருக்கிற இடைவெளி தான் அந்த டனல். விரலை மடக்குற ஒன்பது தசைநாண்கள், அதாவது தசை இழுக்குற கயிறுங்க, அது வழியாத்தான் போகுது, கூடவே ஒரே ஒரு நரம்பு, மீடியன் நரம்பு. டவுன் பஸ் படிக்கட்டுல ஒன்பது தடியனுங்க நடுவுல ஒரு ஒல்லிப் பையன் நிக்கிறான்னு வச்சுக்கங்க, பஸ் காலியா இருந்தா அவனுக்கும் ஒண்ணும் இல்ல. ஒன்பது பேரும் கொஞ்சம் வீங்கினா முதல்ல நசுங்குறது அவன் தான், ஏன்னா அடியில எலும்பு, மேல அந்த கெட்டி மூடி, ரெண்டும் ஒரு இம்மி கூட நகராது.

இங்க தமிழ்ல ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். கையில பச்சையா தெரியற ரத்தக்குழாயும் நமக்கு நரம்பு, மடக்கினா புடைச்சு நிக்கிற தசைநாணும் நரம்பு, நிஜ நரம்பும் நரம்பு தான். அதனால நரம்புல பிரச்சனைன்னு யாராவது சொன்னா உடனே நரம்புத் தளர்ச்சி, ரத்தம் ஓடல, சத்து இல்லன்னு மனசு எங்கெங்கயோ போகுது. இங்க நரம்புக்கு சத்தும் குறையல, தளர்ச்சியும் இல்ல, அதை ஒரு இடத்துல அமுக்குறாங்க.

அந்த மீடியன் நரம்பு தான் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், அப்புறம் மோதிர விரல்ல கட்டை விரல் பக்கமா இருக்கிற பாதி, இதுக்கெல்லாம் தொடு உணர்ச்சி குடுக்குது. சுண்டு விரலும் மோதிர விரலோட மத்த பாதியும் அல்னார்ங்கிற வேற நரம்போட கணக்கு, அது அந்த டனல் வழியா வர்றதே இல்ல. அதான் சுண்டு விரல் கேள்வி. மோதிர விரல்ல ஒரு பக்கம் மரத்து மறு பக்கம் நல்லா இருந்தா அது ரொம்ப நல்ல தடயம், கழுத்து பிரச்சனையில விரலை நடுவுல கோடு போட்ட மாதிரி பிரிக்கிறது அபூர்வம். உள்ளங்கை நடுப்பகுதி கூட பெரும்பாலும் தப்பிச்சுரும், அதுக்குப் போற கிளை டனலுக்கு முன்னாடியே பிரிஞ்சு மூடிக்கு மேல போயிருது.

சரி, ஏன் ராத்திரி? தூங்கும்போது நம்ம எல்லாருமே மணிக்கட்டை மடக்கி கன்னத்துக்கு அடியிலயோ தலையணைக்கு அடியிலயோ சொருகிக்கிறோம். 1981ல கெல்பர்மேன்னு ஒரு அமெரிக்க சர்ஜன் குழு மெல்லிசா ஒரு குழாய டனலுக்குள்ள விட்டு பிரஷரையே அளந்து பாத்துச்சு. நல்ல கையில நேரா வச்சிருக்கும்போது சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரசம் (பிபி அளக்குற அதே கணக்கு), இந்த நோய் இருக்கிறவங்களுக்கு அதே நிலையில 32. மணிக்கட்டை முழுசா மடக்கினா நல்ல கையிலயே 31 ஆகுது, நோய் இருக்கிற கையில 94. பின்பக்கமா வளைச்சா இன்னும் மேல, 110. நரம்புக்குள்ள ஓடுற பொடி ரத்தக்குழாய்ங்க இந்த அமுக்கத்துல மூடிக்கும், நரம்பு மூச்சு முட்டும், மூளைக்கு மரப்புன்னும் ஊசி குத்துதுன்னும் தகவல் போகும், நம்ம எந்திரிச்சு உதறுவோம். படுத்தா கால்ல தேங்கின நீர் உடம்பு முழுக்க பரவுறதும் கொஞ்சம் சேர்ந்துக்கும். பகல்ல வண்டி ஹேண்டில புடிச்சா, போனை காதுல வச்சா, பேப்பர் விரிச்சுப் படிச்சா மரக்கிறதும் இதே கணக்கு தான், மணிக்கட்டு ஒரே நிலையில ரொம்ப நேரம் நிக்குது.

குழப்பம் எங்க வருதுன்னா, வலி மேல ஏறும். முழங்கை வரைக்கும், சில பேருக்கு தோள்பட்டை வரைக்கும். நரம்பு கீழ நசுங்கினாலும் வலி மேல பேசும். தோள்பட்டை வலின்னதும் கழுத்து எக்ஸ்ரே, நாப்பது அம்பது வயசு தாண்டின யாருக்கு எடுத்தாலும் அதுல கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும், தலைமுடி நரைக்கிற மாதிரி அது. தேய்மானம் இருக்குங்கிறதும் அது தான் கைய மரக்க வைக்குதுங்கிறதும் ரெண்டு வேற விஷயம். இடது கையில வந்தவங்க இதய நோய்னு பயந்து ராத்திரியில ஈசிஜி எடுக்க ஓடுறதும் உண்டு, நெஞ்சு வலி, வேர்வை, மூச்சு திணறல் இருந்தா ஓடத்தான் வேணும், அதுல நான் குறுக்க வர மாட்டேன்.

கழுத்து மேல பழி போடுற பழக்கம் நம்ம ஊர் டாக்டர்கள் கண்டுபிடிச்சது இல்லங்கிறதையும் நியாயமா சொல்லணும். லண்டன் சர்ஜன் ஜேம்ஸ் பேஜெட் 1854லயே மணிக்கட்டு பக்கம் எலும்பு முறிஞ்சு கூடின ஒருத்தருக்கு இந்த நரம்பு அமுங்கி விரல்ல புண்ணு வந்ததை எழுதி வச்சிருக்கார். 1913ல பிரான்ஸ்ல பியேர் மரி, ஷார்ல் ஃபுவான்னு ரெண்டு பேர், இறந்துபோன 80 வயசு ஆள் ஒருத்தரோட கையை அறுத்துப் பாத்தாங்க, கட்டை விரல் மேடு வத்திக் கிடந்துச்சு, நரம்பு அந்த மூடிக்கு கொஞ்சம் மேல முடிச்சு மாதிரி தடிச்சு, மூடிக்கு அடியில மெலிஞ்சு இருந்துச்சு. இந்த பட்டையை நேரத்தோட வெட்டி விட்டிருந்தா கை தப்பிச்சிருக்கும்னு அப்பவே எழுதிட்டாங்க. யாரும் கண்டுக்கல. அதுக்கப்புறமும் பல வருஷம் கை மரத்துச்சுன்னா கழுத்துல எக்ஸ்ட்ரா விலா எலும்பு இருக்கு, அது நரம்பை இடிக்குதுன்னு சொல்லி கழுத்துப் பக்கம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. 1947ல இங்கிலாந்துல ரஸ்ஸல் பிரெய்ன் குழு ஆபரேஷன் பண்ணி சரியான கேஸ்களை வெளியிட்டாங்க, 1950ல இருந்து அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் கிளினிக்கோட ஜார்ஜ் ஃபேலன் விடாம எழுதினார், 1966ல 17 வருஷ அனுபவத்துல 654 கைகளைப் பத்தி ஒரு கட்டுரை போட்டார். அப்புறம் தான் உலகமே மணிக்கட்டைத் திரும்பிப் பாத்துச்சு. பேஜெட் எழுதினதுல இருந்து எண்ணினா நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு, சித்திக்கு ஒன்றரை வருஷம் ஆனதுல பெரிய அதிசயம் இல்ல.

அந்த ஃபேலன் பேர்ல தான் கிளினிக்ல பண்ற டெஸ்ட். ரெண்டு புறங்கையையும் ஒட்ட வச்சு மணிக்கட்டு நல்லா மடங்குற மாதிரி ஒரு நிமிஷம் வச்சிருக்கணும், கும்புடறதுக்கு நேர் எதிர் போஸ். மரப்பு வந்தா சந்தேகம் கூடும். இன்னொண்ணு மணிக்கட்டுல நரம்பு மேல விரலால தட்டிப் பாக்குறது, விரல்ல கரண்ட் மாதிரி ஓடுதான்னு. இது டினெல்ங்கிற பிரெஞ்சு டாக்டர் பேர்ல இருக்கு, முதல் உலகப் போர்ல அடிபட்ட சிப்பாய்களுக்கு நரம்பு வளருதான்னு பாக்க 1915ல எழுதினது. அவர் அந்த உணர்ச்சிக்கு வச்ச பிரெஞ்சு வார்த்தை எறும்புங்கிற சொல்லுல இருந்து வந்தது, நம்ம பாட்டிங்க எறும்பு ஊறுற மாதிரி இருக்குன்னு சொல்றதே தான், எனக்கு அதுல ஒரு சந்தோஷம். டெஸ்ட்ல ஒண்ணும் வரலன்னா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல. விரல் கணக்கும், ராத்திரி முழிக்கிறதும், உதறினா சரியாகுறதும், இந்த மூணும் சேர்ந்த கதை தான் முக்கியம். நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட்ல லேசா ஷாக் குடுத்து மணிக்கட்டுல சிக்னல் எவ்வளவு லேட் ஆகுதுன்னு அளப்பாங்க, எரிச்சலா இருக்கும், தாங்கிக்கலாம். ஆரம்ப கட்டத்துல அது நார்மலா வர்றதும் உண்டு.

எல்லா மரப்பும் இதுன்னு நினைச்சுக்காதீங்க. 1999ல ஸ்வீடன் தெற்குப் பகுதியில பொதுமக்கள் கிட்ட கேட்டப்போ நூத்துக்கு 14 பேர் இந்த விரல்கள்ல மரப்போ வலியோ இருக்குன்னாங்க, டாக்டர் பாத்து டெஸ்ட்டும் பண்ணி உறுதியானது நூத்துக்கு 3 பேருக்கும் கொஞ்சம் குறைவு. ரெண்டு கால் பாதமும் சேர்ந்து மரத்தா சுகர் நரம்பைப் பாக்கணும், சுண்டு விரல் மட்டும் மரத்தா முழங்கைல அல்னார் நரம்பு. தோல்ல வெளிறின உணர்ச்சியில்லாத படை இருந்தா தொழுநோயையும் நம்ம ஊர்ல மறந்துரக்கூடாது, மாத்திரையில குணமாகுற நோய் அது. கட்டை விரல் அடியில தொட்டா வலி, குழந்தையைத் தூக்கினா உயிர் போகுதுன்னா அது தசைநாண் சமாச்சாரம், மரப்பு அதுல இருக்காது.

யாருக்கு வருதுன்னு பாத்தா ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு ஏறக்குறைய மூணு மடங்கு. நாப்பதுக்கு மேல கூடுதல். தைராய்டு குறைவு, சுகர், உடல் எடை, முடக்கு வாதம், மணிக்கட்டு முறிவு, டயாலிசிஸ், கர்ப்பத்தோட கடைசி மூணு மாசம். இதுல சுகரை தனியா சொல்லணும், கனடாவுல 2002ல வந்த ஒரு ஆய்வுல சுகர் இல்லாதவங்கள்ல 2 சதவீதம், சுகர் இருந்து நரம்பு பாதிக்காதவங்கள்ல 14, நரம்பு பாதிச்சவங்கள்ல 30 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்துச்சு. இந்தியாவுல சுகர் இருக்கிறவங்க 10 கோடிக்கு மேலன்னு 2023ல ஐசிஎம்ஆர்ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கணக்கு சொல்லுது, ரெண்டையும் சேர்த்துப் பாத்தா எத்தனை வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு கை உதறிக்கிட்டு இருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. அப்புறம் வயசான ஆம்பளைங்களுக்கு ரெண்டு கையிலயும் காரணமே இல்லாம வந்தா அமிலாய்டுன்னு ஒரு புரதம் சேர்றதோட முதல் அறிகுறியா இருக்கலாம், சில வருஷம் கழிச்சு அதே புரதம் இதயத்துல வேலையைக் காட்டும். அபூர்வம் தான், ஆனா விவரம் தெரிஞ்ச சர்ஜன்கள் இப்பல்லாம் ஆபரேஷன் அப்போ ஒரு துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறாங்க.

கம்ப்யூட்டரை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. ஐடி வேலை பாக்குற பசங்க மணிக்கட்டு லேசா வலிச்சாலே கார்ப்பல் டனல்னு சொல்லிக்கிறாங்க, கீபோர்டு தான் வில்லன்னு ஊரே நம்புது. டென்மார்க்ல கிட்டத்தட்ட 7000 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 2003ல வெளியிட்டாங்க, கீபோர்டுக்கும் இதுக்கும் தொடர்பு தேறல, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல மவுஸ் புடிக்கிறவங்களுக்கு கொஞ்சம் கூடுதல், அவ்வளவு தான். நிஜமா நரம்பைப் பதம் பாக்குறது பலமா இறுக்கிப் புடிச்சு திரும்பத் திரும்ப மணிக்கட்டை வளைக்கிற வேலையும், அதிர்ற மெஷினும். ட்ரில் போடுறவங்க, கல் அறுக்கிறவங்க, கத்திரியாலேயே துணி வெட்டித் தள்ளுற கட்டிங் மாஸ்டர், அப்புறம் நம்ம வீட்டு சமையல்கட்டு. ஈரப் போர்வையை முறுக்கிப் பிழியறதைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, முழு பலமும் போட்டு மணிக்கட்டு முறுகும். மாவு பிசையறது, தேங்காய் துருவுறது எல்லாம் அதே வகை. கீபோர்டுக்கு ஆபீஸ்ல ஜெல் பேட் வாங்கித் தர்றாங்க, துணி பிழியறவங்களுக்கு யாரு என்ன வாங்கித் தர்றா? சமையல் வேலை தான் காரணம்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது, பெண்களுக்கு ஹார்மோன், சின்ன மணிக்கட்டுன்னு வேற காரணங்களும் சேருது. ஆனா நோய் வந்தப்புறம் அந்த வேலைங்க அதைத் தூண்டி விடும்ங்கிறதை சித்தி கையைப் பாத்தே சொல்லுவேன்.

வைத்தியம். முதல் படி ராத்திரி ஸ்பிளிண்ட், மணிக்கட்டு மடங்காம புடிச்சு வைக்கிற கட்டு. மெடிக்கல் ஷாப்ல கேட்டா ரெண்டு வகை காட்டுவாங்க, ஒண்ணு வெறும் எலாஸ்டிக் பட்டை, அது பிரயோஜனம் இல்ல. உள்ளங்கை பக்கமா உள்ள ஒரு தகடு வச்சது வேணும். அதுலயும் ஒரு விஷயம், நிறைய ஸ்பிளிண்ட்ல அந்த தகடு மணிக்கட்டை பின்பக்கமா கொஞ்சம் தூக்கின மாதிரி வளைஞ்சிருக்கும், மேல சொன்ன பிரஷர் கணக்குப்படி நமக்கு வேண்டியது நேரான மணிக்கட்டு. தகட்டை உருவி முழங்கால்ல வச்சு நிமித்தி திரும்ப சொருகுங்க, அலுமினியம் தான், வளையும். விரல் மடங்கணும், கட்டு இறுகக்கூடாது. தினமும் ராத்திரி, குறைஞ்சது ஆறு வாரம். நாலு நாள் போட்டுட்டு கேக்கலன்னு தூக்கிப் போடுறவங்க தான் அதிகம். கர்ப்பிணிகளுக்கு பெரும்பாலும் இதுவே போதும், பிரசவம் ஆனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தானா போயிரும்.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி, டனலுக்குள்ள. வேகமா கேக்கும். இங்கிலாந்துல 2018ல ஊசியையும் ஸ்பிளிண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ஆறு வாரத்துல ஊசி ஜெயிச்சுது, ஆறு மாசத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. ஸ்வீடன்ல 2013ல வந்த ஆய்வுல 80 மில்லிகிராம் ஊசி போட்டவங்கள்லயே ஒரு வருஷத்துக்குள்ள 73 சதவீதம் பேர் ஆபரேஷனுக்குப் போயிட்டாங்க, வெறும் தண்ணி ஊசி போட்டவங்கள்ல 92. ஆக ஊசி நேரம் வாங்கித் தரும். சுகர் இருக்கிறவங்களுக்கு சில நாள் சுகர் ஏறும், சொல்லி வச்சுக்கங்க. வலி மாத்திரையால இந்த நோய்க்கு பெருசா பலன் இல்ல, பி6 வைட்டமின் உதவுதுன்னு நல்ல ஆதாரம் கிடையாது, அதை அளவுக்கு மேல மாசக்கணக்குல முழுங்கினா அதுவே நரம்பைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனையில பி12 நிஜமாவே குறைவா இருந்தா அதுக்கு ஊசி போடுறது வேற விஷயம்.

ஆபரேஷன்னு சொன்னதும் நரம்பை வெட்டப் போறாங்கன்னு தான் எல்லாரும் நினைக்கிறாங்க, சித்தியும் அப்படித்தான் நினைச்சாங்க. வெட்டுறது நரம்பை இல்ல, மேல இருக்கிற அந்த மூடியை. உள்ளங்கையில ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீறல், அந்த இடத்துக்கு மட்டும் மரப்பு ஊசி, கால் மணி அரை மணி நேர வேலை, அன்னைக்கே வீடு. கேமரா விட்டு பண்ற முறையும் இருக்கு, வேலைக்கு கொஞ்சம் சீக்கிரம் திரும்பலாம், நாளாக நாளாக ரெண்டும் ஒண்ணு தான். நெதர்லாந்துல 2002ல ஸ்பிளிண்டையும் ஆபரேஷனையும் நேருக்கு நேர் வச்சுப் பாத்தப்போ மூணு மாசத்துல குணமானவங்க ஸ்பிளிண்ட்ல 54 சதவீதம், ஆபரேஷன்ல 80, ஒன்றரை வருஷத்துல ஸ்பிளிண்ட்ல 75, ஆபரேஷன்ல 90, அதுலயும் ஸ்பிளிண்ட் குரூப்ல 41 சதவீதம் பேர் இடையில ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. கஷ்டமும் உண்டு. உள்ளங்கை அடியில ரெண்டு பக்கமும் ஊன்றினா வலிக்கும், பிடி பலம் பழையபடி வர சில மாசம் ஆகும், தொற்று, நரம்புக் கிளையில அடி, மூடி முழுசா வெட்டுப்படாம போறது எல்லாம் குறைவா நடக்கும், ஆனா நடக்கும். கைக்குன்னே பழகின சர்ஜன் பண்றது நல்லது, அதுக்கு நம்ம ஊர்ல பஞ்சமில்ல, சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில கை சிகிச்சைக்குன்னே பேர்போன பிரிவு பல வருஷமா இருக்கு.

எப்ப ஆபரேஷன்ங்கிறதுல தான் நான் கொஞ்சம் சத்தமா பேசுவேன். மரப்பு வந்து வந்து போற வரைக்கும் ஸ்பிளிண்ட், ஊசின்னு பாக்கலாம், அவசரம் இல்ல. மரப்பு பகல்லயும் போகாம தங்கிருச்சுன்னா, டம்ளர் நழுவுது, ஹூக் போட முடியல, கட்டை விரல் அடியில இருக்கிற சதை மேடு மறு கையோட ஒப்பிட்டா பள்ளமா தெரியுதுன்னா, அதுக்கு மேல காத்திருக்கிறது நஷ்டம். சில பேருக்கு அந்த கட்டத்துல வலி குறைஞ்சுரும், சரியாயிருச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, உள்ள நரம்பு இழை செத்துக்கிட்டு இருக்கும். திரும்ப வளர்றது ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர், மணிக்கட்டுல இருந்து விரல் நுனிக்கு மாசக்கணக்கு ஆகும், வத்தின சதைக்கு அதுவும் உத்தரவாதம் இல்ல.

சித்தி போனப்போ மேடு ஏற்கனவே கொஞ்சம் பள்ளமா தான் இருந்துச்சு, யாரும் கவனிக்கல, நானும் தான். வலது கைக்கு ஆபரேஷன், இடது கைக்கு ஸ்பிளிண்ட். ஆபரேஷன் ஆன அன்னைக்கு ராத்திரியே காலையில அஞ்சு மணி வரைக்கும் தூங்கினாங்க, தையல் போட்ட கையில வலி இருந்தும், எந்திரிச்சு மணி பாத்துட்டு கடிகாரம் நின்னுருச்சான்னு கேட்டாங்க. ஒரு வருஷம் ஆச்சு. ஜாக்கெட் தைக்கிறாங்க, துணி பிழியற வேலையை சித்தப்பாகிட்ட தள்ளியாச்சு. ஊசியில நூல் கோக்கத்தான் கட்டை விரல் நுனிக்கு நூல் இருக்கிறதே இன்னும் சரியா தெரியல, அதுக்கு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற பேத்திக்காக காத்திருக்காங்க.